பல்பு தெரிய வேண்டாம், சுவர் தெரியட்டும்

புது வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள், ஆணி அடிக்க அனுமதி இல்லாத வாடகை வீட்டுக்காரர்கள் என்று பலரும் இந்த மாதம் விளக்கையும் கண்ணாடியையும் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எனக்கு நெருக்கமான விஷயம். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கே: 12க்கு 14 அடி ஹால். ஃபால்ஸ் சீலிங்கில் 16 டவுன்லைட் போடலாம் என்கிறார் இன்டீரியர் செய்பவர். போதுமா? (மடிப்பாக்கம்)

ப: பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் போதும். கணக்கைப் பாருங்கள். 10 வாட்ஸ் டவுன்லைட் ஒன்று ஏறத்தாழ 900 லூமென்ஸ் வெளிச்சம் தரும். 16 போட்டால் 14,000-ஐத் தாண்டும். நாலடி எல்.இ.டி. டியூப் லைட், 20 வாட்ஸ், சுமார் 2,000 லூமென்ஸ். ஆக, ஒரே ஹாலில் ஏழு டியூப் லைட்டை ஒன்றாக எரியவிடப் போகிறீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டவுன்லைட் பார்ப்பது தரையை. ஹாலில் உட்கார்ந்திருக்கும் நாம் பார்ப்பது எதிர்ச் சுவரையும் எதிரில் இருப்பவர் முகத்தையும். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்கடியில் குழி, மூக்குக்கடியில் நிழல். வந்தவர்கள் எல்லோரும் மூன்று நாள் தூங்காதவர்கள் மாதிரி தெரிவார்கள்.

நான்கைந்து டவுன்லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வரிசையாகப் போடச் சொல்லுங்கள். வெளிச்சம் சுவரில் வழிந்து, அங்கிருந்து திரும்பி அறைக்குள் வரும். படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு விளக்கு. ஒரு டியூப் லைட்டும் இருக்கட்டும். கீழே விழுந்த தோட்டுத் திருகாணியைத் தேட அதுதான் வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். விளக்கின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுத்தாலும் சுவிட்ச் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒயரிங் முடிந்து பூசிய பிறகு அதைச் சேர்க்க வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

நம் பழைய வீடுகளில் சுவரைக் குடைந்து விளக்கு மாடம் வைத்திருப்பார்கள். சில ஊர்களில் அதற்குப் பிறை என்று பெயர். காற்றில் சுடர் அணையாமல் இருக்கத்தான் அந்தக் குழி. ஆனால் சுண்ணாம்பு அடித்த அதன் உட்புறம் இன்னொரு வேலையும் செய்தது: சுடரின் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் திருப்பி விட்டது. இன்று கோவ் லைட் என்று சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவதன் ஆதாரமும் இதுவே. பல்பு தெரிய வேண்டாம், சுவர் தெரியட்டும்.

கே: வார்ம் ஒயிட்டா, கூல் டே லைட்டா? எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு கட்சி. (திருச்சி, உறையூர்)

ப: இரண்டு கட்சியையும் ஆட்சியில் உட்கார வைக்கலாம், வேறு வேறு அறைகளில்.

அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் சாயல், 4000 என்றால் நடுத்தரம், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் வெள்ளை வெளிச்சத்தின்மேல் இருக்கும் பிரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெயிலில் வெந்து வீட்டுக்கு வருகிறவருக்கு வெள்ளை குளிர்ச்சியாக இருக்கிறது. மஞ்சள் என்றதும் வோல்டேஜ் குறைந்து குண்டு பல்பு மங்கி எரிந்த இரவுகள் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த நினைவோடு வாதாடிப் பயனில்லை.

ஆனால் உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கிறது. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. அவை நீல ஒளிக்குத்தான் அதிகமாக விழித்துக்கொள்கின்றன. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பதோ நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மாற்றி வெள்ளையாக்குகிறது. (அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல்.) 6500-ல் நீலம் தூக்கலாக இருக்கும். அதனால் சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000, படுக்கையறைக்கு 2700. ஒரே அறையில் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். பாதிச் சுவர் மஞ்சளாகவும் பாதி நீலமாகவும் தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்ட்டும் அழுக்காகத் தெரியும்.

கே: ஜீரோ வாட்ஸ் பல்புக்குக் கரண்டே ஆகாதாமே? (தர்மபுரி)

ப: பெயர்தான் ஜீரோ. பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு 15 வாட்ஸ் வரை இழுத்தது. இப்போதைய அரை வாட்ஸ் எல்.இ.டி. இரவு விளக்குதான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வருகிறது.

கே: பூஜையறையில் சாமிப் படங்களைச் சுற்றி ஸ்ட்ரிப் லைட், மேலே ஸ்பாட் லைட் எல்லாம் போட்டோம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் குத்துவிளக்கு ஏற்றினால் ஏற்றின மாதிரியே தெரியவில்லை என்று அத்தை வருத்தப்படுகிறார். (கோவை, சிங்காநல்லூர்)

ப: உங்கள் அத்தை சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எண்ணெய்ச் சுடர் ஒன்று தருவது மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம், ஏறத்தாழ 12 லூமென்ஸ். ஐந்து முகம் ஏற்றினாலும் 60-தான். உங்கள் ஸ்ட்ரிப் லைட்டும் ஸ்பாட் லைட்டும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். அத்தனை கூச்சலில் குத்துவிளக்கு பேசினால் யார் காதில் விழும்?

கோயில் கருவறையை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது. எண்ணெய் தடவிய கருங்கல் மேனி. சரவிளக்கின் சிறு சுடர்கள். கண் அந்த இருட்டுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகிறது. பிறகு கற்பூரம் மேலும் கீழும் நகர நகர, முதலில் முகம், பிறகு தோள், பிறகு பாதம் என்று ஒவ்வொன்றாக எழுந்து வருகிறது. அங்கே இருட்டும் பாதி வேலை செய்கிறது. கருவறையில் ஒரு டியூப் லைட்டைப் போட்டால் எல்லாம் தெரியும், தரிசனம் மட்டும் போய்விடும்.

செலவில்லாத வழி: ஸ்ட்ரிப், ஸ்பாட் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். பூ வைக்க, துடைக்க, கோலம் போட எல்லாவற்றையும் எரியவிடுங்கள். விளக்கேற்றியதும் அணைத்துவிடுங்கள். முடிந்தால் குத்துவிளக்குக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தட்டை நிறுத்தி வையுங்கள். ஒரு சுடர் இரண்டாகும். அத்தைக்கு என் நமஸ்காரம்.

கே: கடையில் அரக்கு நிறமாக இருந்த பட்டுப்புடவை வீட்டில் பழுப்பாகத் தெரிகிறது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ? (வேலூர்)

ப: புடவையைச் சந்தேகிக்காதீர்கள், பல்பைச் சந்தேகியுங்கள். வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைத் துணி காட்டாது. பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு; நிறைவானது 100. மலிவான எல்.இ.டி.கள் 80-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். அவற்றில் முதலில் காணாமல்போவது சிவப்புதான். அரக்கு, குங்குமம், மாதுளை எல்லாம் மங்கி நிற்கும். சமையலறையில் தக்காளியும் அப்படித்தான் பழசாகத் தெரியும்.

புடவையை ஒரு காலை நேரத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அதுதான் அதன் நிறம். அடுத்த முறை பீரோவுக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் போடும் விளக்குக்கு மட்டுமாவது சி.ஆர்.ஐ. 90 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குப் போனால் முந்தானையை வெயிலில் காட்டச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் வெட்கப்படாமல் அதைச் செய்தார்கள். மயில் கழுத்து நிறம் மட்டும் எந்த வெளிச்சத்திலும் மாறி மாறித்தான் தெரியும். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் என்று நெசவாளியே அப்படி நெய்திருக்கிறார்.

கே: ஆளுயரக் கண்ணாடி வைக்க இடமில்லை. புடவை கட்டினால் கொசுவம் சரியாக இருக்கிறதா என்று தெரியாமலே கிளம்புகிறேன். என்ன செய்வது? (மதுரை, அண்ணா நகர்)

ப: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்! ஆளுயரக் கண்ணாடி தேவையே இல்லை. உங்கள் உயரத்தில் பாதி இருந்தால் தலை முதல் பாதம் வரை தெரியும். நெருங்கி நின்றாலும் சரி, பின்னால் போனாலும் சரி, அளவு மாறாது. பலரும் இதை நம்ப மறுப்பார்கள். பாதி உயரக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபின் நம்புவார்கள்.

காரணம் எளிது. பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. பட்ட கோணமும் திரும்பும் கோணமும் ஒன்றே என்பதால், அது படும் இடம் பாதத்துக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் அமைகிறது. அதற்குக் கீழே கண்ணாடி இருந்தால் தெரிவது தரைதான்.

உங்கள் உயரம் 5 அடி 4 அங்குலம், அதாவது 64 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். உச்சந்தலையிலிருந்து நாலரை அங்குலம் கீழே கண். கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 30 அங்குலம், மேல் விளிம்பு 62 அங்குலம். ஆக 32 அங்குலக் கண்ணாடி. வீட்டில் ஐந்தடிக்காரரும் 5 அடி 10 அங்குலக்காரரும் சேர்ந்து இருந்தால் 28-ல் தொடங்கி 68-ல் முடிகிற 40 அங்குலக் கண்ணாடி எல்லோருக்கும் போதும். பெரும்பாலான வீடுகளில் சின்னக் கண்ணாடி வாங்கியது தவறல்ல, அதை உயரத்தில் மாட்டியதுதான் தவறு. ஒரு சாண் இறக்கி மாட்டினாலே கொசுவம் தெரிந்துவிடும்.

கே: கண்ணாடி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்றார்கள். வைத்தோம். சாமான்கள்தான் இரண்டு மடங்காகத் தெரிகின்றன. (சேலம்)

ப: கண்ணாடி எதையும் பெரிதாக்காது, எதிரில் இருப்பதை இன்னொரு முறை காட்டும். எதிரில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வெர்சாய் அரண்மனையில் 1684-ல் முடிந்த கண்ணாடிக் கூடம் இதற்கு நல்ல சாட்சி. ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்து 17 ஜன்னல்கள். அவற்றுக்கு நேர் எதிரே 17 வளைவுகள், அவற்றில் 357 கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் எதிரே வானமும் மரமும். வளைவுகளை எங்கே வைப்பது என்று ஜன்னலைப் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சித்திரை முதல் நாள் கனி வைக்கிற வீடுகளில் இரவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதன் முன்னால் மாம்பழம், கொன்றைப் பூ, நகை, நாணயம் எல்லாம் வைப்பார்கள். விடிந்ததும் கண்ணைத் திறந்தால் எல்லாம் இரண்டு மடங்கு. கண்ணாடிக்கு முன்னால் எதை வைக்க வேண்டும் என்பதை அந்தத் தாய்மார்கள் யோசித்துத்தான் செய்கிறார்கள்.

நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைக் கைக்கண்ணாடியோடு சுவர் சுவராக நகரச் சொல்லுங்கள். ஜன்னலோ, துளசி மாடமோ, நல்ல ஒரு படமோ தெரிகிற இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஷூ ஸ்டாண்டும் சுவிட்ச் போர்டும் தெரிந்தால் அடுத்த சுவர். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம், நாலு மணி வெயில் கண்ணில் குத்தும்.

கே: கடலோர வீடு. எந்தக் கண்ணாடி வாங்கினாலும் இரண்டு வருடத்தில் ஓரத்தில் ரசம் போய்க் கருப்படிக்கிறது. (தூத்துக்குடி)

ப: முதலில் அந்த அழகான சொல்லைப் பற்றி ஒரு வரி. ரசம் என்றால் பாதரசம். முன்பு தகரத்தையும் பாதரசத்தையும் கலந்துதான் கண்ணாடிக்குப் பின்னால் பூசினார்கள். 1835-ல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வெள்ளியைக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கண்டார். அதன்பின் பாதரசம் மெல்ல மெல்ல விலகியது. ஆனாலும் நம் வாயில் இன்னும் ரசம்தான்.

இப்போது உங்கள் வீட்டில் கருப்பது அந்த வெள்ளி. அதன்மேல் பெயின்ட் அடித்துப் பாதுகாத்திருப்பார்கள். ஆனால் கண்ணாடியை அறுத்த விளிம்பில் காப்பு கிடையாது. உப்புக் காற்றும் ஈரமும் அந்த வழியாகத்தான் நுழைகின்றன.

கடைக்காரரிடம் விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, சீலர் பூசித் தரச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு எந்த சிலிக்கானைக் கொண்டுவருகிறார் என்று பாருங்கள். திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதிலிருந்து வரும் அமிலம் பின்பூச்சை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்க வேண்டும். சுவரோடு சுவராக அப்பாமல், பின்னால் காற்றுப்போக ஓர் இடைவெளி வேண்டும். துடைக்கும்போது கண்ணாடியின்மேல் நேராகத் திரவத்தை அடித்தால் அது வழிந்து கீழ் விளிம்பில் தேங்கும். கருப்பு பெரும்பாலும் கீழ் ஓரத்தில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். துணியில் நனைத்துத் துடையுங்கள். அமோனியா கலந்த திரவமே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

கே: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். சலூனில் எதிரும் புதிருமாக இருக்கும் கண்ணாடிகளில் நான் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கிறேன். தூரத்தில் இருக்கும் ‘நான்’ ஏன் பச்சையாக இருக்கிறேன்? (ராஜபாளையம்)

ப: தம்பி, முடி வெட்டும்போது தலையை ஆட்டாமல் இவ்வளவு கவனித்ததற்கு முதலில் ஒரு சபாஷ்! சாதாரணக் கண்ணாடியில் கொஞ்சம் இரும்புச் சத்து கலந்திருக்கும். அது மற்ற நிறங்களைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும், பச்சையை விட்டுவிடும். ஒரு முறை போய் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. பத்தாவது பிம்பத்தின் ஒளி அதே கண்ணாடிக்குள் பலமுறை போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற நிறங்களை இழந்து பச்சை மிஞ்சுகிறது. கண்ணாடியின் உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தாலும் இதே பச்சைதான். பார், தொடாதே.

கே: ஹாலில் லைட்டைப் போட்டால் ஃபேன் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. தலைவலி வருகிறது. (ஈரோடு)

ப: ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருக்கிறது. சுற்றும் இறக்கை வெளிச்சத்தைத் துண்டு துண்டாக்குகிறது. ஃபால்ஸ் சீலிங் வரைபடம் போடுகிறவர் ஃபேனை மறந்துவிட்டு வட்டம் வட்டமாக விளக்கைக் குறித்துவிடுவார். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். 48 அங்குல ஃபேன் என்றால் நடுவிலிருந்து இரண்டடி வரை இறக்கை. அந்த வட்டத்துக்குள் விளக்கே கூடாது. சற்று வெளியே போட்டாலும் சாய்வாக வரும் ஒளி வெட்டும். அந்த விளக்குகளை அணைத்துவிட்டு, இறக்கை மட்டத்துக்குக் கீழே சுவரில் இரண்டு பிராக்கெட் விளக்கு மாட்டுங்கள். அன்றைக்கே நிற்கும்.

கே: கூரையைச் சுற்றி ஸ்ட்ரிப் லைட் ஓடுகிறது. எல்.இ.டி.தானே, பில் ஏறாது என்றார் எலெக்ட்ரீஷியன். (தாம்பரம்)

ப: 12க்கு 14 அடி அறையின் சுற்றளவு 52 அடி, கிட்டத்தட்ட 16 மீட்டர். மீட்டருக்கு 14 வாட்ஸ் ஸ்ட்ரிப் என்றால் 224 வாட்ஸ். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 67 யூனிட். அத்தனையும் கூரை ஓரத்திலேயே போகிறது. மீட்டருக்கு 5 வாட்ஸ் ஸ்ட்ரிப் போதும். அதுவும் ஒரு சுவர் ஓரம் போதும்.

கே: மழை விட்டதும் ஈசல் படை! (நாகர்கோவில்)

ப: வாசல் விளக்கை மஞ்சளாக மாற்றுங்கள், பூச்சிகளை இழுப்பது நீலமும் புற ஊதாவும். ஈசல் பறக்கும் அந்த அரை மணி நேரம் வீட்டுக்குள் அணைத்துவிட்டு, தெருவிளக்கு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

கே: கட்டிலுக்கு எதிரே கண்ணாடி இருக்கக் கூடாது என்கிறார் வாஸ்து பார்ப்பவர். வார்ட்ரோப் கதவு முழுக்கக் கண்ணாடி. மாற்ற வேண்டுமா? (கும்பகோணம்)

ப: வாஸ்து நான் படித்ததில்லை. தூக்கத்தின் பக்கம் நின்று சொல்கிறேன்: இரவில் பாதித் தூக்கத்தில் எழுந்து எதிரே ஓர் உருவம் அசைவதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கும். தெருவில் போகும் வண்டி வெளிச்சமும் அதில் பட்டு முகத்தில் விழும். கதவை மாற்றிச் செலவழிக்காதீர்கள். மேலே ஒரு கம்பி போட்டு நல்ல சுங்குடித் துணியில் திரை தையுங்கள். காலையில் விலக்கி, இரவில் மூடுங்கள். வாஸ்துக்காரரும் ஒப்புக்கொள்வார், தூக்கமும் வரும்.

கே: மாடிப்படி வெட்டவெளியில் பெரிய சரவிளக்கு மாட்டினோம். கடையில் வைரமாக மின்னியது, இங்கே மின்னவில்லை. (ஓசூர்)

ப: பால் நிற எல்.இ.டி. பல்பு போட்டிருப்பீர்கள். பட்டை தீட்டிய கண்ணாடி மின்ன வேண்டுமென்றால் ஒளி ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பட்டையும் அந்தப் புள்ளியைப் பிடித்து வானவில்லாகச் சிதறடிக்கும். பால் பல்பு ஒளியைப் பரப்பிவிடுவதால் பட்டைகளுக்குப் பிடிக்க எதுவும் கிடைப்பதில்லை. தெளிந்த கண்ணாடிக்குள் இழை தெரியும் ஃபிலமென்ட் வகை எல்.இ.டி. மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: அது தொங்குவது ஜிப்சம் போர்டிலா, கான்கிரீட்டில் பதித்த கொக்கியிலா என்று நாளைக்கே பாருங்கள். போர்டு என்றால், கீழே பிள்ளைகள் விளையாட விடாதீர்கள். ஆளைக் கூப்பிட்டு மாற்றும் வரை.

கே: ஆறன்முளைக் கண்ணாடி வாங்கலாமா? உள்ளங்கை அளவுக்கே நல்ல விலை சொல்கிறார்கள். (பாலக்காடு)

ப: வாங்கலாம், கண்ணாடி என்று நினைத்து வாங்கக் கூடாது. அதில் கண்ணாடியே இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, நாள் கணக்கில் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியவைக்கிறார்கள். கலவையின் அளவு அதைச் செய்யும் குடும்பங்களுக்கு மட்டும் தெரியும். அவர்களுடைய முன்னோர் நம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அங்கே சொல்வது வழக்கம்.

விரல் நகத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் நகத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், கண்ணாடியின் தடிமன் அது. ஆறன்முளையில் நகமும் பிம்பமும் ஒட்டி நிற்கும். மேற்பரப்பே பிம்பம் காட்டுவதால் அப்படி. அதனாலேயே விரல் ரேகையும் வியர்வையும் அதற்கு ஆகாது. தலை சீவ வேண்டாம். விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி ஒரு மாடத்தில் வையுங்கள்.

கே: காரைக்குடி வீட்டில் தாத்தா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, தேக்குச் சட்டத்தோடு. முழுக்கப் புள்ளி விழுந்து முகம் தெரியவில்லை. ரசம் புதிதாகப் பூசிவிடலாமா? (சென்னை, அடையாறு)

ப: தயவுசெய்து வேண்டாம். பின்பூச்சைச் சுரண்டவும் வேண்டாம். மிகப் பழையது என்றால் அதில் பாதரசமே இருக்கலாம். வெள்ளியாகவே இருந்தாலும், புதிதாகப் பூசினால் உங்களுக்குக் கிடைப்பது கடையில் வாங்கும் ஒரு கண்ணாடி, பழைய சட்டத்துக்குள். முகம் பார்க்க வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கண்ணாடிகளை உயரத்தில், முன்புறம் சாய்த்து மாட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழே நடப்பவர் தெரிய வேண்டும், கூரை தெரியக் கூடாது என்பதற்கான சாய்வு அது. முட்டையும் சுண்ணாம்பும் கலந்து பூசி, கல்லால் தேய்த்த அந்தச் சுவர்களும் அரைக் கண்ணாடிதான். வளவிலிருந்து வரும் பகல் வெளிச்சம் சுவரில் பட்டு, கண்ணாடியில் பட்டு, நடுவீடு வரை போய்ச் சேரும். சென்னைக்குக் கொண்டுவந்தால் அதே சாய்வில் மாட்டுங்கள். எதிரே பளிச்சென்ற டவுன்லைட் எதுவும் வேண்டாம். சாயங்காலம் பக்கத்தில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. புள்ளிகளுக்கு நடுவே வெளிச்சம் மூட்டமாக, பழுப்பாக நிற்கும். புதுக் கண்ணாடி எதாலும் அதைத் தர முடியாது. தாத்தா தினம் நின்று தலைப்பாகை சரிசெய்த இடம் அது.

கே: அம்மாவுக்கு 74 வயது. புது ஃப்ளாட்டில் இரவு பாத்ரூம் போகப் பயப்படுகிறார். ‘தரையெல்லாம் தண்ணி நிக்குது’ என்கிறார். தண்ணீர் இல்லை. வீடெல்லாம் நிறைய லைட் இருக்கிறது. (பெருங்களத்தூர்)

ப: அம்மா பொய் சொல்லவில்லை. பாலிஷ் செய்த டைல்ஸில் உங்கள் டவுன்லைட்டுகள் பட்டுப் பளபளப்பது அவருக்குத் தண்ணீராகத்தான் தெரிகிறது. 60 வயதில் விழித்திரையைச் சென்றடையும் வெளிச்சம், 20 வயதில் சென்றதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அதே சமயம் கண்புரை தொடங்கிய கண் கூச்சத்தையும் தாங்காது. ஆக, அவருக்கு வேண்டியது வெளிச்சம், வேண்டாதது பளபளப்பு.

கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரோரமாக, மஞ்சள் நிறச் சிறு விளக்குகள் மூன்று போதும். ஆள் அசைந்ததும் எரிகிற சென்சார் வகை இன்னும் நல்லது. இருட்டில் சுவிட்சைத் துழாவ வேண்டாம். பல்பு அவர் கண்ணில் படக் கூடாது, தரைதான் தெரிய வேண்டும். பாத்ரூம் வாசலில் அரை அங்குல மேடு இருந்தால் அதன் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். உள்ளே முகக் கண்ணாடிக்கு மேலே ஒரே விளக்கு இருந்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முகத்தில் நிழல் விழாது, மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதும் தெரியும்.

நடைபாதை முடிவில் பெரிய கண்ணாடி ஏதும் மாட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். வயதானவர்களுக்குப் பாதை இன்னும் நீள்வதாகத் தோன்றும். மறதி நோய் தொடங்கியவர்கள் அதில் தெரியும் தங்களையே வேறு யாரோ என்று நினைத்துப் பயப்படுவதும் உண்டு. இன்றைக்கு ராத்திரி எல்லா விளக்கையும் வழக்கம்போல் போட்டுவிட்டு, அம்மா நடக்கும் வழியில், அவர் உயரத்துக்குக் குனிந்து, நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் ஹாலில் எத்தனை விளக்கு? (மயிலாடுதுறை)

ப: ஐந்து. சுவரைப் பார்த்து மூன்று, ஒரு டியூப் லைட், அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு விளக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அந்தக் கடைசி விளக்கு மட்டும் எரியும். காலையில் படிக்காமல் விட்ட பேப்பரை அப்பா அதன் கீழேதான் படித்து முடிப்பார்.